பேஸ்மென்றில் ஒரு ரயில் அறை: முதலில் காற்று, பிறகு தண்டவாளம்

கனடாவுக்கு எம்மவர்கள் பெருந்தொகையில் வரத் தொடங்கி நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அன்று கையில் ஒரு பெட்டியோடு அகதிகளாக வந்து இறங்கிய இளைஞர்கள் இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டார்கள். பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை என்று ஓடி, வீட்டுக் கடனை அடைத்து, பிள்ளைகளைப் படிப்பித்து ஆளாக்கி, இப்போது ஓய்வூதியத்தோடு வீட்டில் இருக்கிறார்கள். உழைக்கத் தெரிந்த இந்தத் தலைமுறைக்கு ஓய்வை எப்படிக் கழிப்பது என்று எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

குடும்ப வைத்தியர்களாகிய எம்மிடம் இவர்கள் வந்து சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான். "நித்திரை இல்லை, பசி இல்லை, ஒன்றிலும் மனம் போகுதில்லை டொக்டர்." இரத்தப் பரிசோதனை செய்து பார்த்தால் பலருக்கு அதில் புதிதாக எந்தக் குறையும் இருப்பதில்லை. "பகல் முழுக்க என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்கும்போதுதான் விடயம் வெளியே வரும். தொலைக்காட்சி, கைத்தொலைபேசி, இடையில் ஒரு தேநீர். அவ்வளவுதான்.

எமது வீடுகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். சாமி அறை இருக்கும். வருபவர்களை இருத்த ஒரு வரவேற்பறை இருக்கும். பிள்ளைகளுக்குத் தனித்தனி அறை இருக்கும். அப்பாவோ அம்மாவோ தமக்குப் பிடித்த ஒன்றைச் செய்து, பாதியில் விட்டு, மறுநாள் வந்து தொடர ஓர் இடம் இருக்கிறதா? பெரும்பாலான வீடுகளில் இல்லை. ஆகவே இந்த இதழில் வீட்டில் ஒரு பொழுதுபோக்கு அறை அமைப்பது பற்றிப் பார்ப்போம். உதாரணமாக, கனடாவில் பலர் பேஸ்மென்றில் அமைக்கும் மொடல் ரயில் அறையை எடுத்துக்கொள்கிறோம். தையல், தச்சு வேலை, சிற்பம், ஓவியம் என எதற்காக அறை கட்டினாலும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஏன் ரயில்?

மொடல் ரயில் சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். மேசை கட்டத் தச்சு வேலை தெரிய வேண்டும். வயர் இழுக்க மின்சார அறிவு வேண்டும். மலை, மரம், நிலையம் செய்யக் கைத்திறன் வேண்டும். ரயில்களை மோதாமல் ஓட்டக் கணக்கு வேண்டும். கை, கண், மூளை மூன்றும் சேர்ந்து வேலை செய்யும் பொழுதுபோக்கு இது. மறதி நோய் பற்றி ஆராயும் லான்செற் ஆணைக்குழு 2020 ஆம் ஆண்டிலும் 2024 ஆம் ஆண்டிலும் வெளியிட்ட அறிக்கைகளில், தனிமை, மனச்சோர்வு, உடல் அசைவின்மை ஆகியவற்றை அந்நோய்க்கான ஆபத்துக் காரணிகளில் சேர்த்திருக்கிறது. ரயில் கட்டினால் மறதி நோய் வராது என்று எவரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் காலையில் எழும்புவதற்கு ஒரு காரணம் இருப்பது பெரிய விடயம்.

எமக்கும் ரயிலுக்கும் உறவு புதியதும் அல்ல. ஊரில் "கோச்சி" என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். 1956 ஏப்ரல் 23 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, 1990 இல் போரினால் நின்றது. 2014 ஒக்ரோபரில்தான் மீண்டும் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 இல் கனடா இலங்கைக்குக் கொடுத்த எம் 2 ரக டீசல் எஞ்சின்களுக்குக் கனடிய மாகாணங்களின் பெயர்களே வைக்கப்பட்டன என்பது இங்கு வளரும் எமது பிள்ளைகளுக்குத் தெரியாத ஒன்று. அல்பேர்ட்டா என்று பெயர் எழுதிய எஞ்சினை ஒரு பேரனும் அப்பப்பாவும் சேர்ந்து செய்தால், அந்தப் பிள்ளைக்கு இரு நாடுகளின் கதையும் சேர்ந்தே கிடைக்கும்.

ரொறன்ரோவில் பிறந்த பாடகர் நீல் யங்கின் கதையும் சொல்லத்தக்கது. அவருடைய மகன் பென் பெருமூளை வாதத்தோடு பிறந்தவர். கைகளைச் சரிவரப் பயன்படுத்த முடியாதவர். மகனும் ரயிலை ஓட்ட வேண்டும் என்பதற்காகவே பெரிய பொத்தானை அழுத்தி இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியை நீல் யங் உருவாக்கினார். பின்னர் லயனல் என்ற மொடல் ரயில் நிறுவனத்தோடும் சேர்ந்து இயங்கினார். ஓர் அறையை அதில் இருக்கப்போகிறவரின் உடலுக்கு ஏற்ப அமைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

முதலில் காற்று

இப்போது முக்கியமான விடயத்துக்கு வருவோம். பேஸ்மென்ற் என்பது பல வீடுகளில் உடுப்புத் தோய்க்கவும் பழைய சாமான் வைக்கவும் போய் வரும் இடம். அங்கே ஒரு நாளில் கால் மணித்தியாலம்கூட நாம் நிற்பதில்லை. அதே இடத்தில் ரயில் அறை கட்டினால், அங்கே தினமும் நாலைந்து மணித்தியாலம் மூச்சு விடப்போகிறோம். அறை மாறாவிட்டாலும் அதில் நாம் கழிக்கும் நேரம் மாறிவிடுகிறது. ஆகவே, பலகை வாங்குவதற்கு முன் காற்றைச் சோதிக்க வேண்டும்.

கனடாவின் மண்ணிலும் பாறையிலும் இயற்கையாக உள்ள யுரேனியம் சிதையும்போது ரேடன் என்ற கதிரியக்க வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தரையில் உள்ள வெடிப்புகள், குழாய் வரும் துவாரங்கள் வழியாக வீட்டுக்குள் ஏறி, வீட்டின் அடித்தளத்தில் தேங்குகிறது. புகைத்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் முக்கிய காரணம் இதுதான். கனடாவில் நுரையீரல் புற்றுநோய் மரணங்களில் ஏறக்குறைய 16 வீதத்துக்கு ரேடன் காரணம் என்று ஹெல்த் கனடா மதிப்பிடுகிறது. புகைப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் பல மடங்கு.

பரிசோதனை மிகவும் எளிது. கடைகளில் கிடைக்கும் சிறிய கருவியை வாங்கி, அறையில் நீங்கள் மூச்சு விடும் உயரத்தில், குறைந்தது மூன்று மாதம் வைத்து, பின் ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். யன்னல்கள் பூட்டியிருக்கும் குளிர்காலமே இதற்கு உகந்த காலம். ஒரு கன மீற்றர் காற்றில் 200 பெக்கரல் என்பது கனடாவின் வழிகாட்டு அளவு. 200 முதல் 600 வரை இருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள்ளும், 600 க்கு மேல் இருந்தால் ஓராண்டுக்குள்ளும் திருத்த வேண்டும் என்கிறது ஹெல்த் கனடா. கொங்கிறீற் தரைக்குக் கீழே ஒரு குழாயைப் பதித்து, மின்விசிறியால் வாயுவை இழுத்து வெளியே விடுவதுதான் வழமையான தீர்வு. தரை போட்டு, மேசை கட்டி, மலையும் செய்த பிறகு அந்தக் குழாயைப் பதிக்க வேண்டி வந்தால் முழு வேலையும் வீணாகிவிடும். ஆகவேதான் சோதனை முதலில் என்று வலியுறுத்துகிறோம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். எம்மவர்களில் பலர் கடன் கட்ட வசதியாகப் பேஸ்மென்றை வாடகைக்கு விடுகிறார்கள். அங்கே குடியிருப்பவர் ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார். ரயில் அறை கட்டும் எண்ணம் இல்லாதவர்களும் இந்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள்.

ஈரம், புகை, நெருப்பு

ரேடனுக்கு அடுத்தது ஈரம். அறையின் ஈரப்பதன் 30 முதல் 50 வீதத்துக்குள் இருக்க வேண்டும். அளந்து காட்டும் சிறு கருவியைச் சுவரில் மாட்டி வையுங்கள். கோடையில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் தேவைப்படலாம். கொங்கிறீற் மேல் நேராகக் கார்ப்பெற் விரித்தால் கீழே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது நல்லதல்ல. துடைத்துத் துப்புரவாக்கக்கூடிய தரையே நல்லது. ஈரம் கட்டுப்பாட்டில் இருந்தால் மரப்பலகையும் வளையாது, தண்டவாளமும் கோணாது. உடலுக்கு நல்லது ரயிலுக்கும் நல்லது.

வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் பெரும்பாலும் பேஸ்மென்றில்தான் இருக்கும். அதைச் சுற்றிப் பெட்டி, பலகை அடுக்காதீர்கள். ஸ்பிறே பெயின்ற், தின்னர் போன்றவற்றை அதன் அருகில் பாவிக்கவே கூடாது. அவற்றின் ஆவி தீப்பற்றக்கூடியது. குளிருக்காக மண்ணெண்ணெய் ஹீட்டரையோ புறொப்பேன் ஹீட்டரையோ உள்ளே கொளுத்தவும் வேண்டாம். காபன் மொனொக்சைட்டுக்கும் நிறமில்லை, மணமில்லை. தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் வந்து, வெளியே போனால் குறைகிறது என்றால் அது தடிமன் அல்ல. எல்லோரும் உடனே வெளியேறி 911 ஐ அழையுங்கள். புகை எச்சரிக்கைக் கருவியும் காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவியும் ஒவ்வொரு மாடியிலும் இருக்கட்டும்.

பழைய வீடு என்றால் இன்னொரு கவனம் தேவை. 1990 க்கு முன் கட்டிய வீடுகளில் வேர்மிக்கியூலைற் என்ற வெப்பக்காப்புத் துகளிலும், பழைய தரை ஓடுகளிலும் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். சந்தேகம் இருந்தால் உடைக்காமல், கிண்டாமல், தகுதி பெற்றவரைக் கொண்டு சோதிப்பியுங்கள்.

மேசையின் உயரமும் முதுகின் வலியும்

வட அமெரிக்காவில் மொடல் ரயில் தொடங்குபவர்கள் 4 அடிக்கு 8 அடி பிளைவூட் பலகை ஒன்றைத்தான் வாங்குகிறார்கள். எச்.ஓ. அளவு ரயில் உண்மையான ரயிலின் 87 இல் ஒரு பங்கு. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லி மீற்றர். அது திரும்பிவரக் குறைந்தது 18 அங்குல ஆரை வேண்டும் என்பதால் 4 அடி அகலம் தேவைப்படுகிறது. ஆனால் இந்தப் பலகையைச் சுவரோடு ஒட்டி வைத்தால் மறுகரையில் தடம் புரண்ட பெட்டியை எட்டி எடுக்க முடியாது. எம்மில் பெரும்பாலோருக்கு வசதியாக எட்டக்கூடிய தூரம் 30 அங்குலத்துக்குள்தான். குனிந்து எட்டுவதே முதுகுப் பிடிப்புக்குக் காரணம்.

அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு நாம் சொல்லும் ஆலோசனை, சுவர் ஓரமாக ஒன்றரை அடி முதல் இரண்டு அடி அகலத்தில் தட்டுப் போல அமைப்பது. உயரம், நீங்கள் நிமிர்ந்து நிற்கும்போது முழங்கை இருக்கும் உயரம். நின்றும் நடந்தும் ஓட்டலாம், முதுகு வளையாது. வாசலைக் குறுக்கிட்டுத் தண்டவாளம் போனால் அதன் கீழ் குனிந்து நுழையும் விதத்தில் கட்டாதீர்கள். முழங்கால் வாதம் உள்ளவருக்கு அது தினசரித் தண்டனை. அவசரத்துக்கு வெளியேறவும் தடை. தூக்கித் திறக்கும் படலை போல அமையுங்கள். சக்கர நாற்காலி பாவிப்பவர் இருந்தால் அவரின் முழங்கால் உள்ளே போக இடம் விட்டு, அவர் இருக்கும் உயரத்துக்கு மேசையைத் தாழ்த்துங்கள்.

பேஸ்மென்ற் படிகளுக்கு இரு பக்கமும் கைப்பிடி, மேலும் கீழும் ஆளி உள்ள வெளிச்சம், படியின் விளிம்பில் நிறம் தெரியும் பட்டி. இவற்றுக்கு எஞ்சினை விட முன்னுரிமை கொடுங்கள். வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழைய நடைக்குத் திரும்புவதில்லை.

கண்ணும் வெளிச்சமும்

அறுபது வயதில் கண்ணின் உட்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதில் போனதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே கூரையில் ஒரு மின்குமிழ் போதாது. வேலை மேசைக்கு மேல் தனியாக, நிழல் விழாத வெளிச்சம் வேண்டும். வாசிக்கும் கண்ணாடி மேசை வேலைக்குப் பொருந்தாமல் போகலாம். உங்கள் கண்ணுக்கும் வேலைக்கும் உள்ள தூரத்தை அளந்து கண் பரிசோதகரிடம் சொல்லுங்கள்.

ரயிலின் அளவையும் கண்ணையும் கையையும் பார்த்தே தெரிவு செய்ய வேண்டும். என் அளவு ரயில் 160 இல் ஒரு பங்கு. இடம் மிச்சம், ஆனால் கை நடுக்கமோ கண் புரையோ உள்ளவருக்கு அது பொறுமையைச் சோதிக்கும். எச்.ஓ. அல்லது அதைவிடப் பெரிய ஓ அளவு அவர்களுக்கு இலகு.

பற்றவைக்கும்போதும் அறுக்கும்போதும்

வயர்களை ஈயத்தால் பற்றவைக்கும்போது எழும் வெண்புகை பெரும்பாலும் ஈயத்தின் புகை அல்ல. இணைப்புக்குப் பாவிக்கும் மரப்பிசினின் புகை. அது ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது என்பது தொழிற்சாலைகளில் நன்கு அறியப்பட்ட விடயம். புகையை முகத்துக்கு வராமல் இழுத்து வெளியே தள்ளும் சிறு விசிறி வையுங்கள். ஈயம் உடலுக்குள் போவது முக்கியமாகக் கையிலிருந்து வாய்க்குத்தான். அந்த மேசையில் தேநீர்க் கோப்பையும் மிக்சர் தட்டும் வைக்கக் கூடாது. எழும்பியதும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும்.

பலகை அறுப்பதை முடிந்தவரை வெளியே அல்லது கராஜில் செய்யுங்கள். மரத்தூளுக்கு என் 95 முகக்கவசம் உதவும். ஆனால் பசை, பெயின்ற் ஆவியை அது தடுக்காது. அதற்குத் திறந்த யன்னல்தான் வேண்டும்.

சிறு பிள்ளைகள் வரும் அறை என்றால் இரண்டு பொருட்களைப் பூட்டி வைக்க வேண்டும். ஒன்று, பொத்தான் பற்றரி. அதை விழுங்கித் தொண்டைக் குழாயில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் கடுமையான புண்ணை உண்டாக்கும். மற்றது, வலிமையான சிறு காந்தங்கள். இரண்டை விழுங்கினால் குடலின் மடிப்புகளுக்கு இடையே ஒன்றையொன்று இழுத்துக் குடலைத் துளைத்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் அந்தக் காந்தங்களைச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

எமது சமூகத்தில் நீரிழிவு இல்லாத வீடு குறைவு. வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பது எமது வழக்கம். ஆனால் இந்த அறையில் தண்டவாள ஆணி, வயர்த் துண்டு, சூடான ஈயத் துளி எல்லாம் தரையில் விழும். பாத உணர்வு குறைந்தவருக்கு ஆணி ஏறியது இரவில் இரத்தக் கறையைப் பார்த்த பின்தான் தெரியும். அறை வாசலில் இந்த அறைக்கு மட்டும் என ஒரு மூடிய காலணி வையுங்கள். படுக்கப் போகுமுன் பாதங்களைப் பாருங்கள்.

இன்சுலின் அல்லது சீனியை மிகக் குறைக்கக்கூடிய மாத்திரை எடுப்பவர்கள் வேலையில் மூழ்கிச் சாப்பாட்டு நேரத்தைத் தவறவிடுவது உண்டு. மணிக்கூட்டில் நேரம் வையுங்கள். வேலை மேசைக்கு எட்டத்தில், கழுவிய கையால் எடுக்கக்கூடியதாக, மூடிய பழச்சாறோ குளுக்கோசோ இருக்கட்டும். பேஸ்மென்றில் கைத்தொலைபேசி வேலை செய்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்பி நடக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் நடக்கும் நடைக்கு இந்த அறை மாற்று அல்ல.

கதவு திறந்திருக்கட்டும்

மருந்துக்கு அளவு உண்டு, இந்த அறைக்கும் உண்டு. மனைவியோடு பேச்சைத் தவிர்க்க, உறவினர் வந்தால் ஒளிந்துகொள்ள ஓர் இடமாக இது மாறினால் தனிமையைத்தான் வளர்க்கும். கவலையோடு கீழே இறங்கி, ரயிலையும் ஓட்டாமல் இருட்டில் இருப்பவரைக் கண்டால் வீட்டார் கவனிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் விருப்பமின்மை, நித்திரைக் குழப்பம், வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு, குடி அதிகரித்தல் ஆகியவை மனச்சோர்வின் அறிகுறிகள். போரையும் இழப்பையும் கண்டு வந்தவர்களுக்கு, வேலையின் ஓட்டம் நின்ற பிறகு பழைய நினைவுகள் மேலெழுவது உண்டு. அது பலவீனம் அல்ல, சிகிச்சை உள்ள வருத்தம். வைத்தியரிடம் வாருங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் கனடாவில் எந்நேரமும் 988 என்ற இலக்கத்தை அழைக்கலாம் அல்லது குறுஞ்செய்தி அனுப்பலாம்.

பேரப்பிள்ளைகளுக்கு என்று ஒரு தட்டு ஒதுக்குங்கள். அவர்கள் கணினியில் நிலையத்தின் படத்தை எடுத்துத் தரட்டும், நீங்கள் வெட்டி ஒட்டுங்கள். பிள்ளை தமிழில் "பச்சைக் கொடி காட்டு அப்பப்பா" என்று சொல்லும். வீட்டில் இடமில்லாதவர்களுக்கும் வழி உண்டு. 1938 இல் தொடங்கிய ரொறன்ரோ மொடல் ரயில் கழகம் போன்ற இடங்களில் பலர் சேர்ந்து வேலை செய்கிறார்கள். 2021 இல் ரொறன்ரோ நகர மையத்தில் திறக்கப்பட்ட லிற்றில் கனடாவைப் பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். அதுவும் எச்.ஓ. அளவில்தான் அமைந்திருக்கிறது.

முடிவாக, செய்ய வேண்டிய ஒழுங்கைச் சுருக்கமாகத் தருகிறோம். இந்தக் குளிர்காலத்தில் ரேடன் சோதனை. அது நடக்கும் மூன்று மாதத்தில் எச்சரிக்கைக் கருவிகள், படிக் கைப்பிடி, வெளிச்சம். பிறகு தரையும் ஈரமும். பிறகு மேசை. கடைசியாகத்தான் ரயில். அந்த மூன்று மாதமும் வீணாகாது. காகிதத்தில் பாதையை வரைந்து, எந்த நிலையம், எத்தனை பெட்டி என்று வீட்டில் எல்லோரோடும் பேசி முடிவு செய்வதற்கு அது போதுமான காலம். உழைத்துக் கட்டிய வீட்டில் உங்களுக்கும் ஓர் இடம் இருக்கட்டும், அந்த இடத்தில் நல்ல காற்று இருக்கட்டும்.